அம்மாவின் வாய்க்கு ஒரு சிவப்பு

போன தீபாவளிக்கு முந்தைய சில வாரங்கள் எங்கள் வீட்டில் வாய் இல்லாத ஒரு அம்மா இருந்தாள். வாய் உள்ள அம்மா அவளைப் பார்க்கும்போதெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வாய் இல்லாதவளைச் செய்துகொண்டிருந்தது நான்தான். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற கடையில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கினேன். அதைப் பிரித்து ஒரு பக்கத்தை அறுத்தெடுத்து, அதன் மேல் வெறும் காகிதத் துண்டுகளாலேயே அம்மாவின் முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தேன். கட்டில் அகலத்துக்கு ஒரு முகம். வாங்கின அன்று பெட்டியைத் தட்டையாக மடித்து எங்கள் ஊர் வழியாகப் போகிற மானாம்பதி பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னார். காலிப் பெட்டிக்கு எதற்கு லக்கேஜ் என்று நான் கேட்டேன். காலியோ ரொம்பினதோ, இடத்தை அடைக்குதா இல்லையா என்று அவர் கேட்டார். நான் விடவில்லை, அவரும் விடவில்லை, பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. கடைசியில் அட்டையை என் தலைக்கு மேலே கூரை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் நின்றே வந்தேன். கை கழன்றுவிட்டது. சண்டை போட்டுக் கொண்டுவந்த பொருள் என்பதால் அதன் மேல் எனக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது.

என் வேலை ஒரகடம் பக்கத்தில் ஒரு செல்போன் கம்பெனியில். கூட்ரோட்டில் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போய், ஷிப்ட் முடிந்ததும் கொண்டுவந்து இறக்கிவிடும். லைனில் நின்றுகொண்டு ஸ்டிக்கரை உரித்து ஒட்டுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. உரித்த பிறகு மிஞ்சுகிற பின்தாள் இருக்கிறதே, வழவழவென்று, மஞ்சளும் நீலமுமாக, அவ்வளவும் என் காலடித் தொட்டியில் விழும். ஒரு துண்டை வெளியே கொண்டுவர முடியாது. கேட்டில் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். நாள் முழுக்கக் காகிதத்தைத் தொட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவது எனக்கு ஆத்திரமாக இருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் வெளியே கிடக்கிற காகிதத்தையெல்லாம் பார்க்கத் தொடங்கினேன்.

பார்க்கத் தொடங்கிவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது. சிமெண்டு மூட்டையின் உள்தாள் என்ன நிறம் என்று யாராவது நின்று பார்த்திருப்பார்களா? மழையில் ஒரு தடவை நனைந்து காய்ந்த உள்தாள், வெயிலில் களை எடுத்துவிட்டு வந்த அம்மாவின் கன்னம். அச்சு அசல் அதே நிறம். அதைக் கண்டுபிடித்த அன்று கட்டட வேலை நடந்த இடத்தில் நின்று தனியாகக் கத்தினேன். கொத்தனார் பாம்பு என்று நினைத்து ஓடி வந்தார். நாட்காட்டியில் கிழித்த தாள்களின் கறுப்பு எண்கள் தலைமுடிக்கு ஆயின. வெள்ளைமுடிக்கு ரேஷன் கடை ரசீது. கண்ணின் ஓரச் சுருக்கத்துக்கு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தந்த பழைய நோட்டுத் தாள். அதில் கோடு இருக்கும், அந்தக் கோட்டோடு சேர்த்துக் கிழித்தால் சுருக்கம் தானாக வரும்.

நான் கத்தரிக்கோல் வைத்துக்கொள்வதில்லை. கையால்தான் கிழிப்பேன். கத்தரித்த துண்டு நாம் சொன்னபடி கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடும். கிழித்த துண்டு கொஞ்சம் தன் இஷ்டத்துக்கும் போகும், ஓரத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பிரியும், அதில்தான் முகத்துக்கு உயிர் வரும். பசைக்கு மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி துத்தம். சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. இந்த மாதிரிப் படத்துக்குக் கொலாஜ் என்று பெயர் இருப்பதே செல்போனில் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். அம்மா அதற்கு வைத்த பெயர் ஒட்டுவேலை.

சும்மா ஒரு முகம் செய்ய எனக்கு ஆசை இல்லை. அம்மா வாய்விட்டுச் சிரிக்கிற முகம்தான் வேண்டும். அதில்தான் சிக்கல். என் அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. கம்பெனியில் சேர்ந்த புதிதில் தலைக்கு வலையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, வலப்பைல கட்டின கோசு மாரி கீற!" என்று சொல்லி அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள். வெற்றிலை போட்டுப் போட்டுச் சிவந்த வாய், அடித்தொண்டை வரைக்கும் தெரிந்தது. அதற்குள் நான் செல்போனை எடுத்தேன், அவள் வாயைச் சுருக்குப்பை மாதிரி இழுத்து மூடிக்கொண்டாள். செல்போனைக் கண்டால் எப்போதும் அப்படித்தான். என்னிடம் உள்ள அத்தனை போட்டோவிலும் அவள் வாய் மூடியே இருக்கிறது.

ஆக, ஞாபகத்தில் இருந்துதான் செய்ய வேண்டும். கண், மூக்கு, கன்னம், காது எல்லாம் ஒட்டி முடித்துவிட்டேன். வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அட்டை. ஏன் என்றால் அதற்கு ஏற்ற சிவப்பு கிடைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைச் சிவப்பை வைத்துப் பார்த்தேன், அம்மா லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு எங்கோ கிளம்பியது மாதிரி இருந்தது. பிஸ்கட் பாக்கெட் பளபளத்தது. தீப்பெட்டி மேலட்டை சிறிசு. புடவைப் பெட்டித் தாள் ரோஸ் அடித்தது. வெற்றிலைச் சிவப்பு என்பது கடையில் விற்கிற சிவப்பே இல்லை. அதற்குள் பழுப்பு இருக்கும், ஓரத்தில் கறுத்திருக்கும், நடுவில் திடீரென்று ரத்தமாக இருக்கும். கிடைக்காமல் எனக்குத் தூக்கம் போனது.

"இன்னாடி இது, வாய் இருக்கிற எடத்துல ஓட்டயாட்டம் உட்டு வெச்சிக்கிற? வர்றவங்க பாத்தா எனக்கு வாய் வெந்து பூட்ச்சின்னு நெனைக்கப் போறாங்க."

"செவப்பு கெடைக்கலமா."

"கெடைக்காட்டி உடு. வாய் இல்லாதவளே இங்க இருந்துட்டுப் போட்டும். ஒங்கிட்ட பேசற பேஜாராவது அவளுக்கு இல்ல."

தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இட்லியும் கறிக்குழம்பும். எதிர்வீட்டில் ஒரு சின்னச் சரத்தைக் கொளுத்தினார்கள். படபடவென்று வெடித்து முடிந்தது, புகை வந்தது, புகைக்குள்ளிருந்து ஒரு துண்டுக் காகிதம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்து என் தட்டில் இட்லி மேல் உட்கார்ந்தது.

வெள்ளை இட்லி. அதன் மேல் விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு. ஓரமெல்லாம் நெருப்பு தின்று கறுத்து, கறுப்பிலிருந்து பழுப்பு, பழுப்பிலிருந்து சிவப்பு. பளபளப்பு இல்லை. தடிமன் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் அதை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடி, அட்டையில் கீழுதடு வர வேண்டிய இடத்தில் வைத்தேன்.

அம்மாவின் உதடு.

இதுதான், இதுதான், இதுதான்! இத்தனை நாளாகக் கடைகடையாகத் தேடியது என் தட்டில் வந்து விழுந்திருக்கிறது! எந்தச் சாயக்காரனாலும் இந்த நிறத்தை ஏற்ற முடியாது, வெடித்தால்தான் வரும். கைப்பிடி அளவு சந்தோஷம் எல்லாம் இல்லை, எனக்குக் கால் தரையில் நிற்கவே இல்லை. வெளியே ஓடினேன். எங்கள் காலனித் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சாக்கடை ஓரம், செடி அடி, ஆட்டுக்குட்டியின் முதுகு என்று ஒன்று விடாமல் எடுத்தேன். எங்கள் தெருப் பிள்ளைகள் சரத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக வெடிப்பவர்கள், ஒரு பாக்கெட்டை ராத்திரி வரைக்கும் வைத்திருப்பார்கள். மொத்தத்தையும் சேர்த்தால் ஒரு சொம்பு நிறையவில்லை. கீழுதட்டில் பாதி வந்தது.

ஆனால் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. விடிகாலையிலிருந்தே பெரிய தெருப் பக்கம் பத்தாயிரம் வாலாவாகப் போய்க்கொண்டிருந்தது. வெடிப்பதற்கு அரசாங்கம் சொன்ன நேரத்தை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை. அந்தத் தெருவில் பெரிய வீட்டில் அந்த வருஷம் தலைதீபாவளி. மாப்பிள்ளை வந்திருக்கிறார். கேட்க வேண்டுமா?

தீபாவளிக் குப்பையைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு வாசலைக் கூட்டமாட்டார்கள். யார் வீட்டு வாசலில் வெடித்தாள் அதிகமாகக் கிடக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் அன்றைய பெருமை. வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்க வேண்டும், பார்த்து வயிறு எரிய வேண்டும். சின்னப் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக் குப்பையைக் காலால் தள்ளித் தங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவதும் உண்டு. மறுநாள் காலையில்தான் கூட்டுவார்கள். தலைதீபாவளி வீட்டில் குப்பை எப்படி இருக்கும் என்று நினைத்ததுமே எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. மேலுதடு, கீழுதடு, நாக்கு, ஈறு, உள்வாய் எல்லாம் அங்கே ஒரே வாசலில் கிடக்கிறது.

கட்டப்பையை எடுத்தேன். வாசலில் அம்மா குறுக்கே நின்றாள்.

"எங்கடி?"

"பெரிய வூட்டாண்ட. காயிதம் எடுத்துக்கினு வரேன்."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. அது ஏன் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தப் பெரிய வீட்டின் வாசலைப் பல வருஷம் கூட்டியவள் என் அம்மா. விடிவதற்கு முன்னால் போய்ச் சாணி தெளித்து, கூட்டி, மாட்டுக்கொட்டாயைக் கழுவி, அதற்குப் பிறகுதான் நடவுக்கோ களைக்கோ போவாள். எனக்கு வேலை கிடைத்ததும் நின்றுவிட்டாள். "இனிமே அந்தத் தெருவுல நான் குனிய மாட்டேன்" என்று சொன்னாள். ஏதோ பேச்சுக்குச் சொன்னாள் என்று நினைத்தேன். இல்லை. எங்களுக்குக் கடைக்கும் பஸ்ஸுக்கும் வழி அந்தத் தெரு வழியாகத்தான். அங்கே நடக்கும்போது செருப்பு வார் கழன்றால்கூடக் குனிந்து மாட்டமாட்டாள். காலை இழுத்துக்கொண்டே நடந்து, தெருவைத் தாண்டி வந்துதான் மாட்டுவாள்.

"அங்க போயி பொறுக்கப் போறியா?"

"பொறுக்கலமா. எனக்கு வேணுங்கறத எடுத்துக்கினு வரப் போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். குனிஞ்சாத்தான எடுக்க முடியும்? நீ எதுக்குக் குனிஞ்சன்னு அவங்க பாக்க மாட்டாங்க. குனிஞ்சியா, அத்தத்தான் பாப்பாங்க."

"அதெல்லாம் ஒங்காலம். நான் கம்பெனில வேல செய்றேன். யாரு வூட்டு வேலைக்கும் போவல."

"அத்த நெத்தில எழுதி ஒட்டிக்கினு போ. ஒட்டத்தான் தெரியுமே ஒனக்கு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஒன் வாய்க்குத்தான்மா போறேன், எனக்கா போறேன்?" என்று கத்தினேன். "அவங்க வாசல் குப்பைல எனக்கு வாய் வேணாம். மூடியே கெடக்கட்டும்" என்றாள். பையைச் சுவரில் அடித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். எதிரே அந்தப் படம், பாதி உதட்டோடு. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அம்மா சொன்னது தப்பு என்றும் தோன்றவில்லை, அந்தச் சிவப்பை விடவும் முடியவில்லை. அப்போது கிழக்கே இடி உருண்டது. எட்டிப் பார்த்தால் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஐப்பசி மழை. நாலு தூறல் போட்டால் போதும், தெருவில் கிடக்கிற அத்தனை சிவப்பும் சாயம் போய்க் கூழாகிவிடும். இனிமேல் அடுத்த தீபாவளிதான்.

அம்மா தோட்டத்துப் பக்கம் துணி எடுக்கப் போன நேரம் பார்த்துப் பையோடு ஓடினேன். பின்னால் "ஏய்! நில்லுடி!" என்று சத்தம் வந்தது. நிற்கவில்லை.

பெரிய தெருவில் திரும்பியதும் என் கால் தானாக நின்றது. பெரிய வீட்டு வாசலில் தரையே தெரியவில்லை. சிமெண்டு ரோட்டில் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரைக்கும் சிவப்பு. கணுக்கால் புதைந்தது. ஒரே சிவப்பு என்று தூரத்திலிருந்து நினைத்தேன், கிட்டே போனால் எத்தனை சிவப்பு! முழுதாக எரியாதது குங்குமம். பாதி எரிந்தது செம்மண். ஈரத்தில் விழுந்தது அரக்கு. சில துண்டுகளைத் திருப்பினால் உட்பக்கம் வெடி சுற்றப் பயன்பட்ட பழைய விடைத்தாள். யாரோ ஒரு பிள்ளையின் கையெழுத்து, அதன் மேல் வாத்தியாரின் சிவப்பு டிக்கு. எனக்குத் தலை சுற்றியது. எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் இரண்டு கையாலும் அள்ளிப் பையில் போட்டேன். மருந்து வாசனை மூக்கில் ஏறித் தும்மல் வந்தது, தும்மிக்கொண்டே அள்ளினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது குறைவு.

"ஏய், யாருடி அது? இப்பவே கூட்டாதடி!"

நிமிர்ந்தேன். பெரிய வீட்டம்மா, பட்டுப்புடவையில், கையில் பலகாரத் தட்டோடு படியில் நின்றார். முகம் பூராவும் சிரிப்பு. நல்லவர்தான், எங்கள் வீட்டில் சாவு விழுந்தபோது அரிசி கொடுத்து அனுப்பியவர். "மாப்பிள்ள வூட்டுக்காரங்க சாயங்காலம் வராங்க. அவங்க கண்ணால பாக்கட்டும். நாளைக்குக் காலைல வந்து கூட்டிக் குடு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பார்வை எனக்குப் பின்னால் போனது. தெரு முனையில் அம்மா நின்றாள். என்னை இழுத்துக்கொண்டு போக வந்தவள், மூச்சு வாங்க, விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள்.

"அட, ஒம் பொண்ணா இது? அதான பாத்தேன், கை வேகம் அப்டியே உன்ன மாதிரி இருக்குது. நீ போனதிலேர்ந்து எத்தன பேரு கூட்டினாலும் ஒங்கை வரலடி. நாளைக்கு நீயே வந்துடு. அதிரசம் எடுத்து வெக்கிறேன்."

அம்மா சொன்னது அப்படியே நடந்துவிட்டது. ஒரு சொல் மாறாமல் நடந்துவிட்டது. கம்பெனிக்காரியாவது, ஒட்டுவேலையாவது, குனிந்த முதுகைத்தான் பார்த்தார்கள். அதுவும் அன்பாகப் பேசுகிறார், சண்டை போடவும் வழி இல்லை. எனக்குக் காதெல்லாம் சுட்டது. என்னைச் சொன்னால் போகட்டும், என் ஆசைக்காக அம்மாவை மறுபடியும் அந்த வாசலுக்கு வரவைத்துவிட்டேனே என்று பற்றிக்கொண்டு வந்தது. பையைத் தலைகீழாகப் பிடித்து, அள்ளியதை எல்லாம் அதே வாசலில் கொட்டினேன். வேண்டாம். இந்தச் சிவப்பே வேண்டாம். அம்மா சொன்னபடி வாய் மூடியே கிடக்கட்டும்.

அம்மா நடந்து வந்தாள். அந்தத் தெருவில் அவள் எப்போதும் நடக்கிற வேக நடை இல்லை, மெதுவாக வந்தாள். நான் கொட்டிய குவியலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏண்டி கொட்டின?"

"வாமா, போலாம்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு?"

அப்புறம் அவள் செய்ததை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு, பெரிய வீட்டு வாசலில், நட்டநடு ரோட்டில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குனியவே இல்லை. உத்திரமேரூர் சந்தையில் கத்திரிக்காய்க் குவியல் முன்னால் உட்காருவாளே, அப்படி. ஒரு துண்டை எடுத்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கிப் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"இன்னாடி பண்ற? நாளைக்குன்னு சொன்னேனே" என்றார் பெரிய வீட்டம்மா.

"கூட்ட வரலம்மா" என்றாள் அம்மா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எம் பொண்ணு என் மூஞ்சி செய்றா. வாய்க்குக் காயிதம் பாக்க வந்தோம்."

"மூஞ்சியா? எந்த மூஞ்சி?"

"இந்த மூஞ்சிதான். தோ, இந்த வாய்." அம்மா வாயைத் திறந்து காட்டினாள். ஒரு துண்டை எடுத்து உதட்டோரம் வைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பினாள். "சேர்தா, பாரும்மா."

பெரிய வீட்டம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒருவர் ஒரு நிறத்தைத் தன் முகத்தில் வைத்துக் காட்டி, சேருகிறதா என்று கேட்டால் பார்க்காமல் இருக்க யாரால் முடியும்? தட்டைப் படியில் வைத்துவிட்டு ஒரு படி இறங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஒதட்டுக்குச் சேருது" என்றார். "வாய்க்குள்ள இன்னும் கறுத்து இருக்கணும்."

"அதான் நானும் நெனச்சேன்" என்றாள் அம்மா. "ஏய், கறுத்ததா எடு."

நான் உட்கார்ந்தேன். பையை விரித்தேன். அம்மா தேடித் தேடி எடுக்க, நானும் எடுக்க, பையில் சிவப்பு ஏறியது. வேண்டாததை அம்மா தோளுக்குப் பின்னால் வீசினாள், அது அவர்கள் வாசலிலேயே விழுந்தது. "இது சோனி, நெறமே இல்ல. இது ஈரம். இத்தப் பாருடி, நாக்கு மாரி கீது!" என்று என்னைவிட அவளுக்கு வேகம் வந்துவிட்டது. தெருவில் இரண்டு மூன்று வீட்டு ஜன்னல் திறந்தது, அதையெல்லாம் நான் சட்டை செய்யவில்லை.

பை நிறையத் தொடங்கியது. வாசலில் எங்களைச் சுற்றி வட்டமாகச் சிமெண்டுத் தரை தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் பெரிய வீட்டம்மாவுக்கு உறைத்தது.

"ஏய், போதும்டி, போதும்! வாசலே வெறிச்சின்னு ஆயிடப் போவுது. சம்பந்தி வூட்டுல இன்னா நெனைப்பாங்க? கொஞ்சம் குப்பைய உட்டுட்டுப் போங்கடி!"

அம்மாவின் கை அப்படியே நின்றது. மெதுவாகத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"இத்தினி வருசம் ஒங்க வாசல்ல வாரினேன்" என்றாள். "ஒரு நாளாவது போதும்னு சொன்னியாம்மா நீ?"

சொன்னவளுக்கே அது சிரிப்பாக வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, அந்தத் தெருவே கேட்கிற மாதிரி, வாயை முழுசாகத் திறந்துகொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. சிவப்புக் குப்பைக்கு நடுவே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரிய வீட்டம்மாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல், உதடு ஒரு பக்கம் மட்டும் கோணிக்கொண்டு போனது. நான் செல்போனை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பெரிய பெரிய துளியாக மழை விழுந்தது. "மய வந்துடுச்சிடி, தூக்கு பைய!" என்றாள் அம்மா. பையை என் துப்பட்டாவால் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள், ஓடும்போதும் சிரிப்பு நிற்கவில்லை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் வந்து பையைப் பிரித்தால் மேலே கொஞ்சம்தான் நனைந்திருந்தது. அடியில் எல்லாம் காய்ந்து, மொறமொறவென்று, சிவப்பாக.

தலையைக்கூடத் துவட்டாமல் பசையைக் காய்ச்சினேன். வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே பாயில் சிவப்பைப் பரப்பி, அம்மா நிறம் பிரித்துப் போடப் போட நான் ஒட்டினேன். கீழுதடு. மேலுதடு. உள்ளே இருட்டிப்போன அரக்கு. நாக்கு. விடைத்தாளின் வெள்ளையைக் கிழித்துப் பல் வைத்தேன். விட்டிருந்த இடம் ஓரம் வரைக்கும் நிறைந்தது. படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து பின்னால் போய் நின்று பார்த்தேன். முகத்துக்கு வாய் வந்துவிட்டது. அம்மா அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நான் இல்ல" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா? நெறம் சரியாத்தான கீது?"

"நெறம் சரிதான். வாய் சிறுசா கீது. போட்டோ புடிக்கிறவன் சிரின்னு சொன்னா சிரிக்கிறாப்ல கீது. அந்தத் தெருவுல நான் சிரிச்சத நீ பாத்தல்ல?"

"பாத்தேன்."

"அது இவ்ளோதானா?"

படத்தைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். இத்தனை வாரமாக அந்தச் சிரிப்புக்கு நான் விட்டு வைத்திருந்த இடம் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது.

"இடம் இல்லமா. ரெண்டு பக்கமும் கன்னம் ஒட்டியாச்சி. சிமெண்டுத் தாளு, காஞ்சிடுச்சி. இனிமே பிரிக்க வராது."

"கிழி" என்றாள் அம்மா.

"கன்னத்தையா?"

"ஒட்டினவளுக்குக் கிழிக்கத் தெரியாதா? காதாண்ட வரைக்கும் கிழிடி. பையில இன்னும் அவ்ளோ செவப்பு கீது."

நான் தயங்கினேன். தேடித் தேடிச் சேர்த்து, நிறம் பார்த்து ஒட்டிய கன்னம் அது. அம்மா பொறுக்கவில்லை. பாயைத் தாண்டிப் போய், படத்தில் தன் வலது கன்னத்தின் ஓரத்தில் நகத்தை விட்டு, சர்ரென்று ஒரு இழுப்பு இழுத்தாள். அட்டையோடு சேர்ந்து பிய்ந்து வந்தது. இடது கன்னத்தை நான் கிழித்தேன்.